தலை குனிந்து நின்ற ஜப்பான்காரி

என் வீட்டுக்காரருக்கு ஜப்பான் பாஷையில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் ஒரு ஜப்பான் பாட்டை வைத்துத்தான் இலங்கை மலைநாட்டில் பேர் வாங்கினார். அதே பாட்டால்தான் என்னைக் கட்டிக்கொள்ள முடியாமல் போகவும் பார்த்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் அவர் ஹட்டனில் லவுட்ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் அப்போது மின்சாரம் ஏது? கார் பேட்டரியில்தான் பாட்டு ஓடும். இசைத்தட்டுப் பெட்டியையும் லவுட்ஸ்பீக்கர் குழாயையும் ஆள் வைத்துத் தூக்கி வருவார், பேட்டரியை மட்டும் யாரையும் நம்பிக் கொடுக்கமாட்டார். பிற்பாடு எங்கள் பிள்ளைகளைக்கூட அவ்வளவு பத்திரமாகத் தூக்கியதில்லை.

வட்டகொடைப் பக்கம் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அக்காவின் கல்யாணத்துக்காகத்தான் முதலில் வந்தார். தாலி கட்டி, பந்தி முடிந்து, அக்காவை மாப்பிள்ளையின் தோட்டத்துக்கு அனுப்பும் நேரத்தில் ஒரு புதுத் தட்டை எடுத்து வைத்தார். கைதட்டலும் சீட்டியுமாகப் பாட்டு துள்ளியது. நடுவில் ஒரு பெண்ணின் குரல். கடைசி அடியில் அவள் குரல் லேசாகத் தடுக்கியது. வெட்கத்தில் சிரிக்கிறாள் என்று நாங்களும் சிரித்தோம். முகத்தில் சிரிப்பையே காட்டாத எங்கள் கங்காணிகூடக் காலால் தாளம் போட்டதைப் பார்த்தேன்.

அந்தத் தட்டு, ஹட்டன் கடைவீதியில் பழைய தட்டுகள் விற்கும் முஸ்லிம் நானா ஒருவர் கொசுறாகக் கொடுத்தது. கொழும்புத் துறைமுகத்திலிருந்து வந்ததாம். உறையில் பட்டு உடுத்திய ஒரு பெண் தலை குனிந்து நின்றாள். எங்கள் பக்கத்தில் கல்யாணப்பெண் தலை நிமிரக்கூடாது. நிமிர்ந்துவிட்டால், "என்னா பொண்ணு இது, இப்படிப் பாக்குது" என்று லயம் முழுக்கப் பேச்சாகிவிடும். ஆகவே பட்டு உடுத்தித் தலை குனிந்து நிற்பவள் கல்யாணப்பெண்தான், இது பெண்ணை அனுப்புகிற பாட்டுதான் என்று இவர் தீர்மானித்துவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் அவருக்கு இன்றுவரை கிடையாது.

அதற்குப் பிறகு கினிகத்தேனை வரைக்கும் "அந்த ஜப்பான் பாட்டு செட்டா?" என்று விசாரித்துக் கூப்பிட்டார்கள். மலையில் கொழுந்து பறிக்கும்போது நாங்கள் அந்த மெட்டுக்குச் சொந்தச் சொற்கள் போட்டோம். பெரும்பாலும் கங்காணியைத் திட்டும் சொற்கள். அவர் தலை தெரிந்ததும் சொற்களை விட்டுவிட்டு மெட்டை மட்டும் முனகுவோம். இதற்கிடையில் செட்டுக்காரர் வீட்டிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவும் சரியென்றார், பரிசம் போட்டாகிவிட்டது.

அப்புறம்தான் வந்தது வினை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்கப்பிள்ளை வீட்டு வானொலியில் அதே பாட்டைப் போட்டு, அது பிறந்த கதையையும் சொன்னார்கள். பாட்டை எழுதியவரின் தங்கை சின்ன வயதிலேயே செத்துப்போனாளாம். அவளை வழியனுப்பத்தான் எழுதினாராம். அவளுக்கு ஆட்டம் பிடிக்கும் என்பதால் மெட்டைத் துள்ளலாகப் போட்டார்களாம். பாடியவள் கடைசி அடியில் தாங்கமாட்டாமல் அழுதுவிட்டாள். திரும்பப் பாட வைத்துப் பார்த்தும் முதலில் பாடியது போல அமையவில்லை. அதனால் அழுகையோடே தட்டு போட்டுவிட்டார்களாம்.

வாசலில் நின்று கேட்ட அப்பா வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "இந்தச் சம்பந்தம் வேணாம்" என்பதுதான். அக்கா அப்போது ஏழு மாதம். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். சாவுப் பாட்டைப் போட்டு மகளை அனுப்பிவிட்டோமே என்ற பயம் அப்பாவுக்கு. அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ற நினைப்பே அவரைக் கொன்றுகொண்டிருந்தது. இரண்டாவது மகளையும் அதே கையில் எப்படிக் கொடுப்பார்? எனக்கு அப்பா மேல் கோபம், அந்த மனிதர் மேல் அதைவிடக் கோபம். உறையைப் பார்த்துப் பாட்டுக்கு அர்த்தம் சொல்கிற ஆளை உலகத்தில் வேறு எங்கே பார்க்க முடியும்?

சேதி போய், அவர் தட்டோடு வந்து நின்றார். தெரியாமல் செய்துவிட்டதாகச் சொன்னார், இங்கேயே உடைத்துவிடுகிறேன் என்றார். அப்பா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. உடைத்தாலும் சரி, உடைக்காவிட்டாலும் சரி, பரிசப் புடவையைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்று நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து அக்கா வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து மெதுவாக உட்கார்ந்தாள்.

"அப்பா, அன்னைக்கு நான் போறப்ப அழுதேன், உங்களுக்குத் தெரியுமா?"

அப்பா அவள் பக்கம் திரும்பினார்.

"யாருக்கும் தெரியாது. குனிஞ்ச தலை நிமிராம, அந்தப் பாட்டுச் சத்தத்துல வாய்விட்டு அழுதேன். நீங்க எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. எங்கூட அழுதது அந்தப் பொண்ணு ஒருத்திதான். அதைப் போயி உடைக்கச் சொல்லாதீங்க."

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். புடவையைப் பற்றி அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் சம்மதம் என்பதற்கு அதைவிடப் பெரிய அடையாளம் கிடையாது. அக்காவுக்கு நல்லபடியாக ஆண் பிள்ளை பிறந்து, பிறகுதான் என் கல்யாணம் நடந்தது.

மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தும் இவருக்குக் கண் முழுக்கச் செட்டின் மேல்தான். கூட்டாளி ஒருவரைத் தட்டுப் போட வைத்திருந்தார், ஜப்பான் தட்டை வெளியே எடுக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியும் வைத்திருந்தார். நான் கிளம்பும் நேரம் வந்தது. ஓடிக்கொண்டிருந்த தட்டு முடிந்து, அடுத்து எதைப் போடுவது என்று அந்தக் கூட்டாளி தடுமாறினார். லயத்து வாசலில் ஒரு பேச்சு மூச்சில்லை.

அப்பா இவர் பக்கத்தில் வந்தார்.

"மாப்பிள்ளை, அந்தப் பாட்டைப் போடச் சொல்லுங்க. நல்லா சத்தமா."

கைதட்டலும் சீட்டியும் மலை முழுக்கக் கேட்டது. ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று தலையை நிமிர்த்தி அப்பாவைத் தேடினேன். குழாய் கட்டியிருந்த மரத்துக்கு அடியில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அழுத சத்தம் எனக்குக் கேட்கவில்லை. தோள் குலுங்கியதை மட்டும் பார்த்தேன்.