கண்ணாடித் தலை விமானம்

பேய், ஆவி, குறி சொல்வது, இதிலெல்லாம் எனக்கு ஒரு நாளும் நம்பிக்கை இருந்ததில்லை. தாராவியில் ஒரே அறைக்குள் ஆறு பேர் படுத்துக் கிடந்தோம், இதில் பேய் வந்தால் அது எங்கே நிற்கும் என்று கேட்டுச் சிரித்தவள் நான். அதனால் இப்போது நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. என் வீட்டுக்காரரே இத்தனை வருஷமாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள், அது போதும்.

எண்பதுகளில் நடந்தது. அவர் தோல் பை தைக்கும் கார்கானாவில் வேலை செய்தார். நான் வீட்டில் அப்பளம் இட்டுக் கொடுத்தேன். மாவு உருண்டையை வாங்கி வந்து தேய்த்து, பெரிய பிரம்புக் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு அதன் முதுகில் பரப்பிக் காயவைக்க வேண்டும். எங்கள் சந்துக்குள் வெயில் வராது, வெயில் எங்கே விழுகிறதோ அங்கே கூடையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அன்றைக்கும் அப்படித்தான் ஒரு கூடையை நகர்த்திவிட்டுத் திரும்பினேன், என் மகள் பியூலாவைக் காணோம். மூன்று வயது அவளுக்கு. நடக்கவே தெரியாது, ஓடத்தான் தெரியும்.

முதலில் திட்டிக்கொண்டே தேடினேன். பிறகு திட்டு நின்றுவிட்டது. எங்கள் சந்து முடிகிற இடத்தில் ஒரு நாலா ஓடும், மூடாத சாக்கடை, பெரிய ஆளே விழுந்தால் எழுந்திருப்பது கஷ்டம். அந்தப் பக்கம் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. பார்த்தேன். கறுப்பாக அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு பாத்திமாக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏ பிள்ள, அழாதட்டி. இங்கனதான் எங்கயாவது கெடப்பா. நீ அந்தால போ, நான் இந்தால பாக்கேன்" என்றார்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். சாந்தாகுருஸில் இறங்கும் விமானங்களின் இரைச்சல் எங்களுக்குப் பழக்கம்தான், சத்தம் வரும்போது பேச்சை நிறுத்துவோம், போனதும் விட்ட இடத்திலிருந்து தொடருவோம், யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டோம். இதற்குச் சத்தமே இல்லை. வெயிலில் ஏதோ பளிச்சென்று அடித்ததால்தான் நிமிர்ந்தேன். நம்பினால் நம்புங்கள், அதன் தலை முழுக்கக் கண்ணாடி. தும்பிக்கு இருக்குமே உருண்டைத் தலை, அந்த மாதிரி. தலைக்குப் பின்னால் அகலமான ஒரு வளையம், வளையத்துக்குள்ளே காற்றாடி சுற்றுகிறது. வாலோ ஒன்றில்லை, இரண்டு, நடுவில் ஒரு பலகை போட்டு இணைத்திருந்தது. போகிற அவசரமே இல்லாமல் அது ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

பிள்ளையைத் தொலைத்தவள் விமானம் பார்ப்பாளா என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கே அது விளங்கவில்லை. ஆனால் இத்தனை உயரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு என் பிள்ளை தெரியும் என்று மனசு அடித்துச் சொன்னது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அது சுற்றுகிற திசையைப் பார்த்து ஓடினேன். வழியில் வலது கால் செருப்பின் வார் அறுந்தது, அதை உதறிவிட்டு ஓடினேன். பாத்திமாக்கா பின்னால் கத்தியது கேட்டது.

"ஏட்டி, நாலா பக்கம் தேடாம மேல பாத்துக்கிட்டு எங்கட்டி ஓடுத?"

கும்பார்வாடா வந்துவிட்டது. குஜராத்திக் குயவர்கள் இருக்கிற இடம், எங்கே பார்த்தாலும் பானை, சட்டி, பூத்தொட்டி. ஒரு வீட்டு வாசலில் சாய்த்து வைத்திருந்த ஏணியில் கேட்காமலே ஏறினேன். மேலே தகரத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால், விமானம் அத்தனை பக்கத்தில். கண்ணாடிக்குள்ளே ஒரு பெண் இருந்தாள். முகம் தெரியவில்லை, வெயில் கூசியது. கையை ஆட்டினாள். பிறகு அந்தக் கையை நீட்டிக் கீழே ஒரு மூலையைக் காட்டினாள்.

அந்த மூலையில் இடுப்புயரப் பூத்தொட்டிகள் வரிசையாக நின்றன. ஏணி மேலிருந்து பார்த்தால் எல்லாவற்றின் வாயும் தெரிந்தது. ஒன்றுக்குள் சிவப்பாக ஏதோ இருந்தது. என் மகளின் பாவாடை!

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. உள்ளே சுருண்டு படுத்துச் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள், மூக்கெல்லாம் களிமண். அள்ளித் தூக்கினேன், அடித்தேன், முத்தம் கொடுத்தேன், திரும்பவும் அடித்தேன். அந்த வீட்டுக் குயவர் வெளியே வந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அரே பஹன், இந்தப் பொம்மையை நாங்க செய்யலையே, யார் உள்ளே வச்சாங்க?" என்று அவர் இந்தியில் கேட்க, அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன்.

"பாய், மேலே விமானம் பாத்தீங்களா?"

"விமானமா? எப்போ?"

நிமிர்ந்தேன். வானம் காலியாக இருந்தது. பியூலா மட்டும் தூக்கக் கண்ணோடு என் தோள் மேலிருந்து அந்தக் காலி வானத்தைப் பார்த்து, "டாட்டா, டாட்டா" என்று கை ஆட்டினாள்.

கேட்ட எல்லோரும், பிள்ளை கிடைத்ததே, அது போதாதா என்றார்கள். பாத்திமாக்கா எதையும் பார்க்கவில்லையாம். என் வீட்டுக்காரர் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் ஆள் ஒருவரைக் கேட்டு வந்தார்.

"அப்பிடி ஒரு பிளேனு இந்த ஊருலயே கெடையாதாம். வெயில்ல நின்னு மூள உருகிட்டாட்டி ஒனக்கு?" என்று அவர் சொன்னதிலிருந்து சந்து முழுக்க எனக்கு 'பிளேன்காரி' என்று பேர் ஆகிவிட்டது. பாத்திமாக்கா வீட்டு விருந்தில்கூட, "பிளேன்காரிக்கு இன்னும் ரெண்டு துண்டு வைங்க" என்பார்கள். நானும் வெட்கப்படாமல் சாப்பிடுவேன்.

பியூலா இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தாள், நர்ஸுக்குப் படித்தாள், இங்கிலாந்துக்கு வேலைக்குப் போனாள். நாங்கள் சான்பாடாவில் லிஃப்ட் வைத்த கட்டடத்துக்கு வந்துவிட்டோம். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடமிருந்து போன் வந்தது, மூச்சு வாங்கப் பேசினாள்.

"அம்மா, நீங்க சொன்ன பிளேன்! சச்சி மே, நிஜமா அதேதான். கண்ணாடித் தலை, பின்னாடி வளையம், ரெண்டு வால். இங்க ஒரு மைதானத்துல பழைய பிளேன் எல்லாம் நிறுத்தியிருந்தாங்க. கீழ இருக்கிறத வேடிக்கை பாக்கவே செஞ்ச பிளேனாம். கொஞ்சம்தான் செஞ்சாங்களாம். அத ஓட்டுற தாத்தா ஒருத்தர் என்னை ஏத்திக்கிட்டுப் போனாரு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்காரரிடம், "இப்ப யாருக்கு மூளை உருகிச்சு?" என்று சத்தமாகக் கேட்டேன். அவர் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"மேல இருந்து என்னட்டி தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"வயல்தான்மா, பச்சையா. ஆனா ஒண்ணு பாத்தேன். ஒரு பொம்பள சேலையைத் தூக்கிச் சொருகிட்டு ஓடுறா. அந்த ஊர்ல சேலை கட்டி யார் இருக்கா? பாவமா இருந்துச்சு, கை ஆட்டினேன். அப்புறம் எதுக்குன்னே தெரியல, கையை நீட்டிக் கீழ காட்டினேன். தாத்தாகிட்ட கேட்டா, அங்க யாருமே இல்லங்கிறாரு. அவ்வளவு தூரத்துல எப்படித் தெரிஞ்சுதோ, அவ ஒரு கால்லதான் செருப்புப் போட்டிருந்தாம்மா."

விமானத்தைப் பற்றி ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். செருப்பைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை, பிள்ளை கிடைத்த சந்தோஷத்தில் அறுந்த செருப்பு ஒரு பேச்சா?

"எந்தக் கால்ல?" என்றேன்.

"இடது கால்ல. வலது வெறுங்கால். ஏம்மா கேக்கீங்க?"

"சும்மாதான்டி" என்றேன்.

இன்றுவரை அவளிடம் நான் அந்தச் செருப்பைப் பற்றிச் சொல்லவில்லை.