டியூபுக்குள்ள சேகோ கஞ்சி

உஸ்ஸ்ஸ்...

பின் சக்கரத்துல இருந்து மெலிசா ஒரு சத்தம். இட்டேரி... அதாங்க, ரெண்டு பக்கமும் முள்வேலி போட்ட வண்டித்தடம். கிளுவை வேலியைக் கழிச்சா முள்ளெல்லாம் தடத்துலயேதான் கிடக்கும். அதுல ஒண்ணு என் டயருல ஏறியாச்சு.

எண்பதுகளோட ஆரம்பம். ராசிபுரம் பக்கம் ஒரு சேகோ பேக்டரியில, அதாங்க ஜவ்வரிசி ஆலையில, எனக்கு கிளார்க் வேலை. எங்க வீட்டுல சம்பளத்துக்குப் போன முதல் பொண்ணு நான்தான். அப்பா தறி நெய்யறவர். மெயின் ரோட்டுல மரவள்ளிக் கிழங்கு லாரி கண்ணு மண்ணு தெரியாம வரும், அதனால இட்டேரி வழியாத்தான் சைக்கிள்ல போகணும்னு சொல்லிட்டார். கூடவே இன்னொரு கண்டிஷன்.

"பொழுது உளுகறதுக்குள்ள ஊட்டுல இருக்கோணும் சாமி. ஒருநா தப்புனாலும் வேலைய உட்டுறோணும்."

லாரிக்குப் பயந்து இட்டேரிக்குப் போனா அங்க முள்ளு... ஒரு பஞ்சர்ல வேலையே போயிடும். கேரியர்ல பம்பு, பையில சொல்யூஷன், பேட்ச், உப்புத்தாள் எல்லாம் வெச்சிருந்தேன். அன்னைக்கு ஒட்டிட்டு வந்து சேர்றதுக்கும் பொழுது சாயறதுக்கும் சரியா இருந்துச்சு. எல்லா நாளும் சூரியன் நமக்காகக் காத்திருக்குமா?

எனக்கு சின்ன வயசுல இருந்தே எதையாவது நோண்டிட்டே இருக்கணும். பேக்டரியில கிழங்குப் பால் தொட்டியில ஒரு விரிசல். அதுல கசிஞ்ச பாலே காஞ்சு அந்த விரிசலை அடைச்சுக்கிட்டதைப் பாத்தேன். தொட்டியை அடைக்கறது டியூபை அடைக்காதா?

அவ்வளவுதான், தூக்கம் போச்சு.

ஞாயித்துக்கிழமை ஜவ்வரிசிக் குருணையைத் தண்ணியா கஞ்சி காச்சினேன். வால்வைக் கழட்டிட்டு, பேனாவுக்கு மை ஊத்தற பில்லரால சொட்டு சொட்டா டியூபுக்குள்ள விட்டேன். கை கடுத்துப்போச்சு. மறுநாள் நானே ஒரு கிளுவை முள்ளை எடுத்து டயருல குத்தினேன். பிடுங்கினேன்... வெள்ளையா ஒரு பொட்டு எட்டிப் பாத்துச்சு. சத்தம் நின்னுபோச்சு. அன்னைக்கு எனக்கு கால் தரையில நிக்கலை.

ஆனா சித்திரை வெயிலை நான் கணக்குல சேக்கலை.

ஒரு வாரம் போயிருக்கும். சாயங்காலம் இட்டேரி நடுவுல பின் டயர் தொளதொளன்னு ஆயிடுச்சு. பம்பு அடிச்சா காத்து உள்ள ஏறவே இல்லை. கஞ்சி காஞ்சு வால்வுல ஒட்டிக்கிச்சு. வால்வைத் திருகி இழுத்தேன்... உள்ள மிச்சமிருந்த காத்தோட புளிச்ச கஞ்சி மூஞ்சி, தாவணி எல்லாம் பீச்சி அடிச்சுது.

அதுக்கப்புறம் பம்பு அடிச்சும் காத்து நிக்கலை, தள்ளிக்கிட்டே நடந்தேன். பொழுது விழுந்துடுச்சு. நாளையில இருந்து வேலை இல்லைன்னு தெரிஞ்சதும் அழுகையா வந்துச்சு.

எதுக்க அப்பா சைக்கிள்ல வந்துட்டிருந்தார். திட்டப் போறார்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். அவர் இறங்கி, சக்கரத்துல வழிஞ்சதை விரல்ல தொட்டு மோந்து பாத்தார்.

"என்ன சாமி இது, புளிச்ச மோராட்டம் நாறுது?"

"சேகோ கஞ்சிங்கப்பா. முள்ளு குத்துனா ஓட்டைய அடைக்கும்னு ஊத்துனனுங்க."

"அடைச்சுதா?"

"அடைச்சுதுங்கப்பா. வெயிலுக்குத்தான் புளிச்சுப்போச்சு."

குனிஞ்சு டயரை விரலால அமுக்கிப் பாத்தார்.

"தறியில பாவு நூலுக்குப் போடற கஞ்சி கெடாம இருக்கறதுக்கு மயில்துத்தம் போடறமல்ல... அதைப் போட்டியா?"

"இல்லீங்கப்பா."

என் சைக்கிளை அவர் தள்ளினார், அவரோடதை நான் தள்ளினேன். வாசல் வந்ததும் மெதுவா கேட்டேன், "நாளைக்கு வேலைக்குப் போலாங்களாப்பா?"

"டியூபக் கழுவிப்போட்டுப் போ. அடுத்த தடவ காச்சறப்ப என்னையுங் கூப்புடு."

அந்தக் கண்டிஷனை அப்புறம் அவர் வாயால கேட்டதே இல்லை.

இப்போ என் மக பெங்களூர்ல ஆபீசுக்கு சைக்கிள்லதான் போறா. ஹெல்மெட், முன்னாடி பின்னாடி லைட்டு, லேசுல பஞ்சர் ஆகாத டயரு... எல்லாம் இருக்கு. அவ எங்க வரான்னு என் போன்ல நீலப் புள்ளியா தெரியும். அந்தப் புள்ளி ஏதாவது சிக்னல்ல கொஞ்ச நேரம் கூடுதலா நின்னுட்டாலே நான் ஹாலுக்கும் வாசலுக்கும் நடக்க ஆரம்பிச்சுடறேன்.

அப்பாவுக்குப் புள்ளியும் இல்லை, போனும் இல்லை. தறியில உக்காந்துக்கிட்டு அத்தனை சாயங்காலத்தையும் எப்படித்தான் ஓட்டினாரோ...

அவர் இருந்தப்போ இதைக் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை.