உர்சுலா அம்மாளின் ஆறு வரிகள்

கிள்ளான் போகும் ரயில் கடந்து புகை அடங்கும்வரை உர்சுலா அம்மாள் கொடியில் ஒரு துண்டுத் துணியையும் மாட்டுவதில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வெள்ளைத் துணிக்குப் பகை வெயிலும் மழையும் அல்ல. என்ஜின் கக்கும் கரித்தூள். கஞ்சியில் நனைத்துப் பிழிந்த லேஸ்களைக் கூடையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நிற்கிறார். கடைசிப் பெட்டி வளைவில் மறைந்ததும், "போயிட்டான். இனி நாப்பது நிமிஷம் நம்ம ராஜ்ஜியம்" என்று இறங்குகிறார்.

இந்தக் காட்சி ஆண்டில் பல நாள் நடப்பதுதான். ஆனால் டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி மட்டும் கூடை நிரம்பி வழியும். அன்று மாசில்லாக் குழந்தைகள் திருநாள். கிறிஸ்துமஸ் விருந்தாளிகள் போய்விட்டிருப்பார்கள். புத்தாண்டுப் பலகாரத்துக்கு அரிசி ஊறப்போட்டிருக்கமாட்டார்கள். இடையில் அகப்படும் அந்த ஒரு பகலை உர்சுலா அம்மாள் தமக்கென்று பிடித்துவைத்திருக்கிறார். அந்த ஆண்டு முழுவதும் பின்னியதை வெளியே எடுத்துப் பரப்பித் தம்மைத் தாமே விசாரித்துக்கொள்ளும் நாள் அது.

ஐம்பதை நெருங்கும் வயது. குட்டையான, உறுதியான உடம்பு. மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். வலது ஆள்காட்டி விரலின் பக்கத்தில் கொக்கி ஊசி அழுத்தி அழுத்தி ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. நேரத்தைக்கூடப் பின்னல் வரிசையில்தான் சொல்வார். "கறி வேக அஞ்சு வரிசை ஆகும், உக்காருங்க" என்பார். கோயிலில் பிரசங்கம் நீண்டால் முந்தானைக்குள் விரல்கள் அசைவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பின்னியது எதையும் விற்றதில்லை. கேட்டவர்களுக்கு ஒரே பதில்: "விக்க ஆரம்பிச்சா அடுத்தவங்க சொல்றதைப் பின்னணும். இது நான் சொல்றதைப் பின்னுறது."

அவர் சொல்வதற்கு ஒரு புத்தகம் உண்டு. கணவர் லியனார்ட் ரயிலில் கார்டு. ஒவ்வொரு பயணத்திலும் கார்டு எழுதவேண்டிய அறிக்கைத் தாளில் நான்கு கட்டங்கள் இருக்கும்: வரவேண்டிய நேரம், வந்த நேரம், தாமதம், காரணம். அச்சு பிசகிக் கழித்துப்போட்ட தாள்களை அவர் வீட்டுக்குக் கொண்டுவர, அம்மாள் தைத்துப் புத்தகமாக்கிக்கொண்டார். அதில் ஆண்டுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஆறு வரி. வரும் ஆண்டு செய்யப்போகும் ஆறு வேலைகள். ஆறுக்கு மேல் எழுதமாட்டார். "இந்த இன்ஜின் ஆறு பெட்டிதான் இழுக்கும்" என்று தம் தோளைத் தட்டிக்காட்டுவார். ஆறில் ஒன்று, இதுவரை செய்தறியாத வேலையாக இருக்கவேண்டும். அதன் பக்கத்தில் 'தெரியாதது' என்று எழுதி அடிக்கோடு இடுவார். ஒரு வருஷம் கையுறை, ஒரு வருஷம் வட்ட விரிப்பு, ஒரு வருஷம் இடக்கையால் பின்னிய ஒரு முழ ஓரம். அது கோணலாக வந்தது. அதையும் கொடியில் மாட்டினார்.

இதெல்லாம் வேடிக்கையான விதிகள். கடுமையான விதி ஒன்றும் உண்டு. ஆண்டு முடியும்போது முடியாமல் நிற்கும் எதையும் பிரித்துவிட வேண்டும். ஒரு டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி, அநேகமாக முடிந்துவிட்ட கிளி ஜோடி ஒன்றை அவர் பிரித்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன். நூல் கடை அப்துல் மஜீதின் மனைவி ஹபீபா அன்று இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, கண்ணு மட்டும்தான் பாக்கி, விட்டுருங்க" என்று கெஞ்சினாள். "பாதியில நிக்கிறதைப் பெட்டியில வச்சா அது ராவும் பகலும் என்னைக் கூப்பிடும் ஹபீபா. புதுசுக்குக் கை போகாது" என்று அம்மாள் நுனியைப் பிடித்து இழுத்துவிட்டார். கிளிகள் தலையிலிருந்து வால்வரை நூலாகிப்போயின.

விசாரணைக்கு இரண்டு நீதிபதிகள். ஹபீபா ஒருத்தி. மற்றவள் என் மனைவி கெர்ட்ரூட். குடியிருப்பு வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. ஒன்பது ஆண்டுகள் அந்தப் பகலில் வேலியிலுள்ள சிறு கதவைத் தள்ளிக்கொண்டு அவள் போவாள். நான் பள்ளிக்கூட விடைத்தாள்களோடு திண்டாடிக்கொண்டு சிரிப்புச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன். சென்ற ஆகஸ்டில் கெர்ட்ரூட் காலமானாள். டிசம்பரில் அம்மாள் லியனார்டிடம் சொல்லி அனுப்பினார்: "இருபத்தெட்டாம் தேதி மாஸ்டரை வரச் சொல்லுங்க. கெர்ட்டி பெட்டியில இருக்கிற சதுரத்தையும் எடுத்துட்டு வரட்டும்."

அந்தச் சதுரங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். சென்ற ஆண்டுப் பக்கத்தில் 'தெரியாதது' என்று அம்மாள் எழுதியிருந்தது, இன்னொருத்தி கையோடு சேர்ந்து ஒரு வேலை. நாற்பத்தெட்டுச் சதுரங்கள் வைத்த படுக்கை விரிப்பு, ஆளுக்கு இருபத்துநான்கு. அவரவர் வீட்டில் பின்னுவது, இருபத்தெட்டாம் தேதிதான் ஒன்றாகப் பரப்பிப் பார்ப்பது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். அம்மாள் இருபத்துநான்கையும் முடித்துவிட்டார். கெர்ட்ரூடின் தகரப் பெட்டியில் முடிந்தவை ஒன்பதுதான் இருந்தன. செய்தித்தாளில் சுற்றி எடுத்துப்போனேன். முடியாத வேலை அது. விதி எனக்குத் தெரியும். அந்த ஒன்பதும் மாலையில் நூலுருண்டையாகத் திரும்பி வருமோ என்ற எண்ணத்தோடுதான் வேலிக் கதவைத் தள்ளினேன்.

"இப்படி உக்காருங்க மாஸ்டர். குறை சொல்லணும், அதுக்குத்தான் கூப்பிட்டேன். வீட்டுல ஒருத்தர் முப்பது வருஷமா எதைக் காட்டினாலும் நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் பேப்பர் படிக்கிறாரு."

"நல்லாருந்தா வேற என்னத்தைச் சொல்றது?" என்றார் லியனார்ட், பேப்பரை இறக்காமல்.

"பார்க்காம சொல்றீங்களே, அதான்."

கறுப்புக் குடை ஒன்றை விரித்துத் தரையில் கவிழ்த்திருந்தார்கள். கொடியிலிருந்து எடுத்த லேஸை அதன்மேல் போர்த்தினால் விட்டுப்போன கண்கள் பளிச்சென்று தெரியும். முதல் வரி, கோயில் பீடத் துணிக்கு ஓரம். ஈஸ்டருக்கு வரவேண்டியது ஈஸ்டருக்கே வந்தது. இரண்டாம் வரி, ஈப்போவிலுள்ள பேரனுக்குத் தொப்பி. பதினைந்து நாள் தாமதம். காரணக் கட்டத்தில், 'பிள்ளை முந்திவிட்டான்' என்றிருந்தது.

"எதிர்வண்டி முன்கூட்டியே வந்துட்டுதுன்னு எழுது" என்றார் லியனார்ட். "நேரம் இல்லைன்னு மட்டும் எழுதிடாத. எங்க ஆபீஸ்ல மாடு குறுக்க வந்துச்சுன்னா ஒத்துக்குவான். நேரம் இல்லைன்னா சீட்டுக் கிழிஞ்சிடும்லா."

மூன்றாம் வரியான திராட்சைக் கொத்துத் தட்டு விரிப்பில் ஹபீபா ஒரு கண் குறைவைக் கண்டுபிடித்தாள். "இங்க பாருங்க, பழத்துல ஒண்ணைக் காக்கா கொத்திட்டுப் போயிருக்கு." அம்மாள் கண்ணாடியை மாட்டிக் குனிந்து பார்த்தார், வாதாடவில்லை, எண்ணிப் பார்த்துவிட்டுத் தாளில் ஒரு சுழி போட்டார். அடுத்த இரண்டும் கேள்வியின்றித் தேறின. மிஞ்சியது ஆறாவது வரி.

பார்சலைப் பிரித்தேன். அம்மாள் தம் சதுரம் ஒன்றைக் குடைமேல் வைத்து அதன்மேல் கெர்ட்ரூடின் சதுரத்தை வைத்தார். அடியிலிருந்தது நான்கு பக்கமும் ஒரு விரல் அகலம் வெளியே தெரிந்தது. வேறொன்றை வைத்தார். அதுவும் அப்படியே. ஊசி குத்தி இழுத்துப் பார்த்தார், விட்டதும் சுருங்கிக்கொண்டது. ஒன்பதும் ஒரே அளவு. ஒன்றுகூட அவருடையதோடு சேராது.

ஹபீபா, "ரெண்டு பேருக்கும் ஒரே பொட்டியிலேருந்துதானே அக்கா நூல் குடுத்தேன்" என்றாள்.

"நூல் ஒண்ணு. ஊசி நம்பர் ஒண்ணு. கண்ணு எண்ணிக்கை ஒண்ணு. கை ரெண்டுங்கிறதை மறந்துட்டோம்." அம்மாள் கெர்ட்ரூடின் சதுரத்தை விரல்களுக்கிடையில் தேய்த்தார். "அவ இழுத்துப் பின்னுவா. பாரு, பலகை மாதிரி இருக்கு. நான் விட்டுப் பின்னுறவ. ஜனவரியிலேயே ஆளுக்கு ஒண்ணு பின்னி வச்சுப் பார்த்திருக்கணும்."



"ஒன்பதுதானே அக்கா" என்றாள் ஹபீபா மெதுவாக. "பிரிச்சு, அதே நூல்ல நீங்களே பின்னிடுங்க. அவங்க கை பட்ட நூல்தானே. அது போதாதா?"

லியனார்ட் இப்போது பேப்பரை மடித்துவிட்டார். "பிரிக்கவும் வேணாம், பின்னவும் வேணாம். மாஸ்டர் அப்படியே கொண்டுபோய்ப் பெட்டியில வச்சுக்கட்டும். இந்த ஒரு தடவை உன் சட்டத்தை ஓரமா நிறுத்தி வை."

"மாஸ்டர் என்ன சொல்றீங்க?"

"உங்க இஷ்டம் அக்கா" என்றேன்.

"இஷ்டம்னு நழுவாதீங்க. கெர்ட்டி இருந்தா நழுவ மாட்டா."

"பிரிக்காம இருந்தா நல்லாருக்கும்."

"எதை?" என்றார்.

 அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. புத்தகத்தை மடியில் வைத்து, ஆறாவது வரியில் தாமதக் கட்டத்தில் 'ஒரு வருஷம்' என்று எழுதினார். காரணக் கட்டத்தில் பென்சில் சற்று நின்றது. பிறகு எழுதினார்: 'என் கை தளர்வு.'

லியனார்ட் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். "உன் கையா? இந்த லைன்ல எல்லாப் பொம்பளையும் உன் கையைத்தானே கேட்டு வர்றாளுக?"

"வரட்டும். ரெண்டு கை சேரலைன்னா, மாத்திக்க முடியுறவ மாத்திக்கணும். அவளால இனிமே முடியாது. என்னால முடியும்."

சொல்லிவிட்டுத் தம் இருபத்துநான்கு சதுரங்களையும் மடியில் அடுக்கிக்கொண்டார். முதல் சதுரத்தின் முடிச்சை வெட்டி நுனியை ஹபீபாவிடம் நீட்டினார். ஹபீபா சுற்றச் சுற்றச் சதுரம் மூலையிலிருந்து கரைந்தது. ஒரு வருஷத்து உழைப்பு. ஹபீபாவின் கை தயங்கும்போதெல்லாம், "சுத்து சுத்து, பாசார்ல மீனை வெட்டச் சொல்றப்ப இந்த யோசனை வரதில்லையே" என்று அதட்டல். இரண்டு கிள்ளான் வண்டிகள் போய் வந்தன. பிரிந்த நூல் சுருட்டை முடிபோல நெளிந்திருந்தது. அதை நனைத்துக் கல் கட்டித் தொங்கவிட்டால் நேராகிவிடும் என்று அவர் எனக்கு விளக்கினார், வகுப்பில் நான் விளக்குவதைவிடத் தெளிவாக. முகத்தில் வருத்தத்தின் சாயல் இல்லை. வழி தெரிந்துவிட்டவர்களின் சுறுசுறுப்புத்தான் இருந்தது.

புதுப் பக்கத்தைத் திருப்பினார். முதல் வரி: 'படுக்கை விரிப்பு. நாற்பத்தெட்டு. கெர்ட்டி அளவு. கைவசம் ஒன்பது.' அதன் பக்கத்தில் 'தெரியாதது' என்று எழுதி அடிக்கோடிட்டார். கீழே நான்கு வரிகள் மளமளவென்று விழுந்தன. ஆறாவது காலியாக நின்றது.

"ஒரு பெட்டி குறையுதே" என்றார் லியனார்ட்.

"முதல் பெட்டியில பாரம் ஜாஸ்தி. போதும்."

நான் எழுந்தேன். செய்தித்தாளை மடிக்கப்போனபோது உள்ளே மிஞ்சியிருந்தது கையில் தட்டியது. பத்தாவது சதுரம். பாதி, மூன்று வரிசை பாக்கி. கொக்கி ஊசி கடைசிக் கண்ணில் மாட்டியபடியே இருந்தது. பிரித்துவிடுவாரோ என்று அதை மட்டும் நான் எடுத்துக் காட்டியிருக்கவில்லை. அம்மாள் கையை நீட்டினார். கொடுத்தேன்.

"இது பாதிதான்" என்றார் லியனார்ட், எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு.

"தேதி இருபத்தெட்டுதானே. வருஷம் முடிய மூணு நாள் கிடக்கு."

கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். சதுரத்தோடு தொங்கிய நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி ஊசியைப் பிடித்து நாலைந்து கண் பின்னினார். குடைமேல் வைத்துப் பார்த்தார். புதுக் கண்கள் பெரிதாகத் திறந்திருந்தன. உருவினார். மறுபடி பின்னினார், மறுபடி பெரிது. உருவினார். அடுத்த வண்டியின் ஊதல் கேட்டது. கொடியில் திரும்பப் போட்டிருந்த பீடத் துணியை எடுக்கவேண்டும் என்று ஹபீபா சொன்னாள், அவர் நிமிரவில்லை. சுண்டுவிரலில் இருந்த சுற்றின்மேல் நூலை இன்னொரு சுற்றுச் சுற்றினார். விரல்நுனி வெளுக்கும்வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊசியை அடுத்த கண்ணில் விட்டார்.