திண்டுக்கல் நீதிமன்றத்துக்கு நெய் வழக்கின் சாட்சியாகப் போனது

வேடசந்தூரிலிருந்து திண்டுக்கல்லுக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு மைல். அந்நாளில் கட்டணம் அரை ரூபாய்க்குள். அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரே கோடையில் நான்கு முறை போய்வந்தேன். கோயிலுக்காக அல்ல; நெய் வழக்கில் சாட்சி சொல்ல. நீதிமன்ற வேலையாக அவ்வூருக்குப் போகும் அன்பர்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

முந்தைய மார்கழியில், பூசைக்கு நெய் வாங்க எங்கள் ஊர்க் கடைவீதியில் சுப்பையா என்பவரின் கடையில் நின்றிருந்தேன். உணவுக் கலப்படத்தைத் தடுக்கும் அரசாங்க ஆய்வாளர் வந்தார். விலை கொடுத்து நெய் வாங்கி, மூன்று சீசாக்களில் ஊற்றி, அரக்கு முத்திரை வைத்தார். ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று பரிசோதனைக்கு, ஒன்று தம் அலுவலகத்துக்கு. சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் தேடியதும் வாசலில் நின்றவர்கள் கலைந்துவிட்டனர். நெற்றியில் திருமண்ணோடு நான் மட்டும் நின்றேன். கண்டதைக் கண்டேன் என்று எழுதத் தடை ஏது? கையெழுத்திட்டேன். பிறகு சம்மன் வந்தது. வாய்தாவுக்கு மேல் வாய்தா.

நெய்யில் வனஸ்பதி கலந்திருப்பதாகப் பரிசோதனை முடிவு. அதை மறுக்க முத்திரை கலையாத வேறு சீசா வேண்டும். அலுவலகத்துச் சீசா வெயிலில் கசிந்து கெட்டுப்போயிற்று. எஞ்சியது சுப்பையாவிடம் இருந்ததுதான். அது சுத்தம் என்று வந்தால் தப்புவார், இல்லையேல் சிறை.

நான்காம் முறை, காலைப் பேருந்தில் தாடிக்கொம்பில் அவரும் ஏறினார். அவர் வீடு பக்கத்து ஊரான அகரத்தில். என் அருகில் மட்டுமே இடமிருந்தது.

"என்னண்ணே, சாட்சியும் குத்தவாளியும் ஒரே சீட்டா? ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே டிக்கெட்டாக் கிழிச்சிரவா?" என்றார் நடத்துநர். பேருந்தே சிரித்தது.

"கிழிப்பா. என்னையத்தான் ஏற்கெனவே கிழிச்சாச்சே!" என்றார் சுப்பையா.

"சீசாவைக் கொண்டுவந்திருக்கீங்களா?" என்று மெல்லக் கேட்டேன்.

"எங்க இருக்கு, சாமி? கேசு செயிக்கணும்னு நேந்துக்கிட்டு, போன சனிக்கிழமை பெருமாளுக்கு விளக்கேத்திட்டேன். அந்த நெய்யிலதான்."

"கடையில வேற நெய்யே இல்லையா?"

"பழி விழுந்தது இந்த நெய் மேலதான? நல்லதா கெட்டதான்னு அவரே பாத்துக்கிரட்டும்னு ஊத்துனேன். கெட்ட நெய்யினு தெரிஞ்சா சாமிக்கு ஊத்துவனா?"

ஊற்ற மாட்டார். அதில் எனக்கு ஐயமில்லை. சிறுமலை அடிவாரத்திலிருந்து வந்த நெய்யை வந்தபடியே விற்றவர். இடையில் எவர் கை கலந்ததோ.

"சாமி, ஒத்த வார்த்தை. முத்திரை வச்சதைப் பாக்கலன்னு சொல்லிருங்க."

"பாத்தேனே, சுப்பையா."

"பாத்தீக, பாத்தீக. ஊரே ஓடுனப்ப நீக மட்டும் நின்னு பாத்தீக." சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிற்பகல் வரை மரத்தடியில் காத்திருந்தோம். கூண்டில் ஏறியதும் என்னிடம் கேட்டவை இரண்டே: கையெழுத்து உம்முடையதா? முத்திரை உம் கண்ணெதிரே வைக்கப்பட்டதா? ஆம் என்றேன். விளக்கேற்றியதை நானாகச் சொல்லத் தொடங்கினேன். கேட்டதற்கு மட்டும் விடை சொல்லுமாறு நீதிபதி தடுத்தார். சுப்பையாவுக்கு ஆறு மாதச் சிறை. திரும்பும் பேருந்தில் என் அருகில் இருக்கை காலியாக இருந்தது.

வாய்மையைப் பற்றி வாழ்நாளெல்லாம் ஓதியிருக்கிறேன். அது இவ்வளவு களைப்பைத் தரும் என அறிந்ததில்லை. ஆயினும் ஆய்வாளர்மேல் குறை சொல்ல மனம் வரவில்லை. ஊரார் வயிற்றுக்குள் என்ன போகிறது என்று அவரன்றி அன்று யார் பார்த்தார்கள்?

போகிறவர்கள் கட்டுச்சோறும் தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள். எப்போது அழைப்பார்கள் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆய்வாளர் கையெழுத்துக் கேட்டால், கண்டது உண்மையெனில் இடுங்கள். இப்போது சட்டங்கள் மாறியிருக்கலாம். நீங்கள் கடைக்காரராயிருந்து, உங்கள் கைக்கு முத்திரையிட்ட சீசா வருமானால், அந்த அரக்கைத் தொடாதீர்கள். பெருமாளுக்கு வேறு நெய் ஊற்றலாம்.