இருபத்து மூன்று சாக்லேட்டும் அரை பாட்டில் பினாயிலும்

பதினோரு மாதம் நான் என் தங்கை வீட்டுப் படி மிதிக்கவில்லை. மறுபடி மிதிக்க வைத்தது ஒரு கழிப்பிடம்.

விழுப்புரம் மாவட்டத் தலைநகராகி ஒரு வருடம்கூட நிறையவில்லை. ஏதோ கூட்டம் என்று திண்டிவனத்திலிருந்து எங்களையெல்லாம் கூப்பிட்டிருந்தார்கள். கூட்டம் நடந்த கட்டடத்தின் கழிப்பிடத்தை எட்டிப் பார்த்தேன். மூன்று அறை. இரண்டுக்குக் கதவு இல்லை. மூன்றாவதற்குக் கதவு இருந்தது. அதை நான் திறந்திருக்கக் கூடாது. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் தங்கை வீட்டை நோக்கி மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன். எண்ணூற்றுப் பன்னிரண்டு தப்படி.

போகாமல் இருந்ததற்குக் காரணம் ஒரு பத்திரிகை. அவளுடைய சின்ன மகளுக்குக் காது குத்தியபோது அச்சடித்தது. அதில் தாய்மாமனான என் பெயர் நான்காவது. எனக்கு மேலே இருந்த மூன்று பேரும் அவள் புருஷன் வகை. குழந்தையை மடியில் உட்கார்த்திக்கொண்டேன், சீர் செய்தேன், சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டேன்.

"வாங்கண்ணா" என்றாள் தங்கை. நான் பேசும் நிலையில் இல்லை. நேராகக் கொல்லைப் பக்கம் போனேன்.

திரும்பி வந்தபோது பீரோ திறந்திருந்தது. பத்து வயதுப் பெரியவளும் ஆறு வயதுச் சின்னவளும் அதன் கதவை ஒட்டி நின்றார்கள். தங்கை புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு சாக்லேட் பெட்டியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"அவரு மஸ்கட்லேர்ந்து லீவுல வந்தப்ப எடுத்துக்கினு வந்தாருண்ணா. நீங்க வந்து மொதல்ல எடுத்தாத்தான் மத்தவங்களுக்குன்னு சொல்லி வச்சிட்டேன். யாரும் தொடல."

"எட்டு மாசம் மாமா" என்றாள் பெரியவள். "டெய்லி நாங்க ரெண்டு பேரும் பீரோவ மோந்து பாத்துக்கினு கெடந்தோம்."

அந்தப் பெட்டிதான் பத்திரிகைக்குப் பதில் என்று இன்று தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்தது அடியில் அச்சடித்திருந்த தேதி. மூன்று மாதம் பதினோரு நாள் தாண்டியிருந்தது.

என் உத்தியோகத்தையும் சொல்லிவிட வேண்டும். நான் சுகாதார ஆய்வாளன். ஈ மொய்த்த ஜிலேபி, நூல் விட்ட ரொட்டி, பல்லி மிதந்த சர்க்கரைப் பாகு, இவற்றைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். விற்காதே என்றால் கடைக்காரன் தலையாட்டுவான். நான் தெருமுனை திரும்பியதும் விற்பான். அதனால் கெட்ட பண்டத்தின் மேல் பினாயில் ஊற்றிவிடுவது வழக்கம். என் பையில் ஒரு பாட்டில் எப்போதும் இருக்கும்.

மூடியைத் திறந்தேன். இருபத்து நான்கு குழி, இருபத்து நான்கு சாக்லேட். எல்லாவற்றின் மேலும் வெள்ளை, தேமல் படர்ந்த முதுகைப் போல. சித்திரை வெயிலில் உருகி வழிந்து, பிறகு கோணல்மாணலாக இறுகியிருந்தன. இனிப்பு வாசனையே இல்லை. மஸ்கட்டிலிருந்து ஒரே சூட்கேஸில் கூட வந்த சோப்பும் தலைவலித் தைலமும்தான் மணத்தன.

"பூசணம்" என்றேன்.

"இல்லண்ணா, மாவு தூவியிருப்பாங்க. ஃபாரின் சரக்கு."

"எனக்கே சொல்லித் தர்றியா? எட்டு மாசம் பூசணம் புடிக்க வச்சி, அத மொதல் மரியாதைன்னு என் கையில குடுக்கறியா?"

சின்னவளின் கை பெட்டியை நோக்கி நீண்டது. என் கை பைக்குள் போனது. எதை அழித்தாலும் மாதிரிக்கு ஒன்று எடுத்துவைப்பேன், எடுத்துவைத்தேன். மீதி இருபத்து மூன்றின் மேல் அரை பாட்டில் ஊற்றினேன். குழிகள் ஒவ்வொன்றாக நிரம்பின. சின்னவள் வீறிட்டாள். பெரியவள் அழவில்லை. பெட்டியைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள்.

"எடுத்துக்கினு போங்கண்ணா" என்றாள் தங்கை. "இந்த நாத்தம் எங்க வூட்ல வாணாம்."

எந்த நாற்றம் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் திண்டிவனத்தில் ஒரு பேக்கரிக்குச் சோதனைக்குப் போனேன். ஃபாரின் சாக்லேட்டே பூசணம் பிடிக்கிறது, உன் சரக்கு எந்த மூலைக்கு என்று மிரட்டுவதற்காக மாதிரியை மேஜைமேல் வைத்தேன். பேக்கரிக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கட்டைவிரலை அழுத்தித் தேய்த்தார். வெள்ளை மறைந்து பழுப்பு மினுங்கியது.

"பூசணமா இருந்தா கரையுமா சார்? பஞ்சு மாரி நிக்கும். மக்கின நாத்தம் அடிக்கும். இது உள்ள இருந்த கொழுப்பு. வெயில்ல உருகி மேல வந்துட்சி, அவ்ளோதான். தேதி தாண்டுனா ருசிதான் போவும், உசுரு போவாது." சொல்லிக்கொண்டே பாதியை உடைத்து வாயில் போட்டார். முகம் சுளித்தது. "இன்னா சார், சோப்பு துன்ற மாரி கீது!"

மீதிப் பாதியை என் முன்னால் மேஜைமேல் வைத்தார்.

"போன வருசம் எங்கடையில நாலு டப்பா மேல ஊத்துனீங்களே, அதுவும் இதே வெள்ளதான் சார்."

"அப்பவே சொல்றதுக்கு என்னய்யா?"

"சொன்னேன் சார். நீங்க ஊத்திக்கினே இருந்தீங்க."

மீதிப் பாதியை வீட்டுக்கு எடுத்து வந்து, வாசல் கதவைச் சாத்திக்கொண்டு தின்றேன். முதலில் மணல். அப்புறம் மெழுகு. அப்புறம் சோப்பு, அதன் பின்னால் தைலம். மேலண்ணத்தில் அப்பிக்கொண்டு நகர மறுத்தது. பத்தொன்பது முறை மென்று விழுங்கினேன். வயிறு கெட்டால் நான் சொன்னது சரியென்று ஆகும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். வயிறு ஒன்றும் செய்யவில்லை. அந்த ஏமாற்றம் சாக்லேட்டைவிடக் குமட்டியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே பேக்கரியில் இருபத்து மூன்று சாக்லேட் எண்ணி வாங்கிக்கொண்டு விழுப்புரம் போனேன். அது பூசணம் இல்லை என்று வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"உள்ள வாங்க" என்றாள் தங்கை. 'அண்ணா' இல்லை.

பெரியவள் பொட்டலத்தை வாங்கிப் பிரித்துச் சின்னவளுக்கு ஒன்று கொடுத்து, தான் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள்.

"மாமாவுக்கு மொதல்ல குடுடி" என்றாள் தங்கை பழக்கத்தில்.

"இருக்கட்டும்மா. மாமா ஊத்திட்டாருன்னா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியிருந்தது. அன்று எனக்குக் கிடைத்தது கடைசிச் சாக்லேட்.

'அண்ணா' தீபாவளிக்குள் திரும்பி வந்துவிட்டது. பல வருடம் கழித்துப் பெரியவளின் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரை முதலாவதாகவே போட்டார்கள். ஆனால் சாக்லேட்டில் மட்டும் பழைய வரிசை வரவில்லை. இப்போது பெரியவளின் புருஷனும் வெளிநாட்டில்தான் இருக்கிறான். பெட்டி வந்தால் முதலில் அவள் பிள்ளைகள், பிறகு மற்றவர்கள். கடைசியில் ஒன்றை எடுத்து, வெள்ளை இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டி, பாதியைக் கடித்துத் தின்று காட்டுவாள்.

"பாருங்க மாமா, நான் சாவல. துன்னுங்க."

நீட்டுவது மீதிப் பாதி. பல் பதிந்து, ஓரத்தில் எச்சில் மினுங்கும். யார் குடித்த தம்ளரிலும் நான் தண்ணீர் குடித்ததில்லை. அதை மட்டும் வாங்கி, மெல்லாமல் விழுங்கிவிடுகிறேன்.