ஒரே மாதிரி இரண்டு குமிழ்கள்

உதய்க்கு விமானம் ஓட்டத் தெரியாது. ஆனால் விமானம் ஓட்டச் சொல்லித்தரும் பள்ளி வைத்திருந்தான். அப்பாவின் பம்ப்செட் ஃபேக்டரி நன்றாக ஓடினால் மகன் எதையும் வைக்கலாம்.

அங்கே பயிற்சியாளர் ஹாரிகா, அன்னூர்க்காரி. ஆறு வருடம் பயணிகள் விமானம் ஓட்டியவள். காதுக் கோளாறால் உரிமம் போயிற்று. அந்த ஆத்திரத்தையெல்லாம் மாணவர்களின் கையைப் பழக்குவதில் தீர்த்துக்கொண்டாள். முட்டாள்தனத்தை மட்டும் அவளால் சகிக்க முடியாது. உதயிடம் வேலை பார்க்க ஏற்ற குணமல்ல.

தரையில் உட்கார்ந்தபடியே திரையைப் பார்த்து ஓட்டிப் பழகும் புது சிமுலேட்டரின் திறப்பு விழாவுக்கு மூன்று நாள் முன்பு உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். விமானத்தில் சக்கரத்தை மடக்கும் லீவரின் முனையில் குட்டிச் சக்கரம் போல ஒரு குமிழ் இருக்கும். வேகம் குறைந்திருக்கும்போது விமானத்தைத் தாங்கிப்பிடிக்கும் இறக்கையின் மடலை மடக்கும் லீவரில் இறக்கை வடிவக் குமிழ். எந்தக் கம்பெனி விமானமானாலும் அப்படித்தான். பார்க்காமலே கைக்குத் தெரிய வேண்டும். இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டு, சொந்த லேத்தில் கடைந்த இரண்டு பித்தளை உருண்டைகளை மாட்டியிருந்தான் அந்த மேதை.

"ஸ்டேண்டர்டு பண்ணிப்போட்டனுங்க மேடம். நம்ம ஃபேக்டரில நூறு பீஸ் போட்டா நூறும் ஒண்ணாட்டம் இருக்குமுங்க."

"எல்லா விமானமும் ஒண்ணாட்டம் இருக்கோணுங்க. ஒரே விமானத்துல ரெண்டு குமிழும் ஒண்ணாட்டம் இருந்தா ஆளு செத்துப்போவாங்க. இதுல பழகறவங்களுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டனுங்க."

"அப்ப வேற ஆளப் பாத்துக்கறனுங்க." மரியாதைக்கு மட்டும் குறைவில்லை.

விழாவன்று பட்டு வேட்டியோடு உதயே விமானி இருக்கையில் உட்கார்ந்தான். மூன்று நாளில் வேறு ஆள் கிடைக்காததால் பக்கத்தில் ஹாரிகாவேதான். பின்னால் அவன் அம்மா கனகம், மடியில் பூஜைத் தட்டு. திரையில் விமானம் எழும்பியது. "கியர் அப்," சக்கரத்தை மடக்கச் சொன்னாள் ஹாரிகா. அவன் போட்டோகிராஃபரைப் பார்த்துச் சிரித்தபடி உருண்டை ஒன்றைத் தூக்கினான். மடங்கியது சக்கரமல்ல, இறக்கையின் மடல். வேகம் பிடிக்காத விமானம் சரிந்து, அவிநாசி ரோட்டு வீடுகள்மேல் விழுந்தது. திரை சிவந்தது.

"ஏங் கண்ணு, இப்ப நாமெல்லாம் செத்துட்டமா?" என்றாள் கனகம்.

"ஆமாங்கம்மா," என்றாள் ஹாரிகா. "கீழ ஊட்டுல இருந்தவங்களுஞ் சேத்து."

"கம்ப்யூட்டர்ல ஏதோ..." என்று ஆரம்பித்த உதய், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பித்தளை உருண்டையிலிருந்து கையை எடுத்தான். அவன் கழற்றி எறிந்த பழைய குமிழ்கள் இரண்டையும் பொறுக்கி வைத்திருந்த ஹாரிகா, கைப்பையிலிருந்து அவற்றை எடுத்துப் பூஜைத் தட்டில் வைத்தாள்.

"ஸ்பேனர் எங்கீங்க மேடம்?"

பள்ளி தொடங்கிய நாளிலிருந்து அவன் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அதுதான்.