துரைசானியின் பன்றித்தொடையும் என் அம்மியும்

எங்கள் வீட்டுக்காரருக்குத் தருமபுரி டிராவலர்ஸ் பங்களாவில் வாட்ச்மேன் வேலை. ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி, புளியமரங்களுக்கு நடுவில் ஓடு போட்ட கட்டடம் அது. சமையல்கட்டு பின்னால் தனியாக இருக்கும். அதற்கும் பின்னால் எங்களுக்கு ஓர் அறை, அதை ஒட்டி ஒரு சார்ப்பு. கல்யாணம் முடிந்து நான் அங்கே வந்து இரண்டு மழைக்காலம் போயிருந்தது. சீமையில் சண்டை ஆரம்பித்துவிட்டது என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் அதன் சுவடு இன்னும் தெரியவில்லை. மொரப்பூரிலிருந்து வரும் சின்ன ரயில் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பங்களாவில் தங்குகிறவர்கள் பெரும்பாலும் சர்க்கார் ஆட்கள். வெள்ளைக்காரர்கள் வந்தால் கூடவே பட்லரும் வந்துவிடுவார். பாத்திரம், கரண்டி, மேஜைத்துணி எல்லாம் பெட்டியில் வரும். நான் வாசல் பெருக்குவேன், தொட்டியில் தண்ணீர் நிரப்புவேன். அந்தச் சமையல்கட்டுக்குள் கால் வைத்ததில்லை. வைக்க ஆசையும் இல்லை.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஓர் இன்ஜினீயர் துரை வந்தார். வேலை சேலத்தில். பண்டிகைக்குப் பெங்களூர் போய்விட்டுத் திரும்புகிற வழியில் எங்கள் பக்கத்து ஏரிக்கரைகளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இறங்கினார். கூட அவர் சம்சாரம், ஒரு பட்லர். காரின் பின்பக்கத்திலிருந்து இறங்கிய சாமான்களில் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பெரிய தொடையும் இருந்தது. பன்றித்தொடை. ஆட்டுக்கறியில் நாம் உப்புக்கண்டம் போடுகிறோமே, அந்த மாதிரி அவர்கள் பன்றித் தொடையை உப்பில் ஊறவைத்துப் புகை காட்டி வைத்துக்கொள்வார்களாம். பண்டிகைக்கு அறுத்தது போக மிச்சம். ஹேம் என்று அதற்குப் பெயர் என்று பட்லர் சொன்னார்.

வந்த மறுநாள் காலையில் பட்லருக்குக் குளிர் ஜுரம் கண்டது. போர்வைமேல் போர்வை போட்டும் கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுக்கம். மலேரியா எங்கள் பக்கத்தில் புதிதில்லை. எங்கள் வீட்டுக்காரர் வண்டி பிடித்து அவரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். துரை இரண்டு வாழைப்பழத்தோடு ஏரி பார்க்கக் கிளம்பிப் போய்விட்டார்.

மத்தியானம் எங்கள் வீட்டுக்காரர் வேகமாக வந்தார். நான் சார்ப்பில் ராகி புடைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்த அம்மியத் தூக்கி சமையல்கட்டுல வெச்சிடு. தொரசானி கேக்கறாங்க."

"எந்த அம்மி?"

"நம்மூட்டு அம்மிதான். வேற எது இருக்குது?"

"எதுக்கு?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "மிஞ்சின கறிய அரைக்கணுமாம். நாளைக்குத் தொரை இண்டூர் ஏரிக்குப் போறாரு, விடியக்காலமே கெளம்பறாரு. ரொட்டியில தடவிக் குடுத்தனுப்பணுமாம்."

"பன்னிக்கறியையா? என் அம்மியிலயா?"

"மெதுவாப் பேசு. கழுவிக்கிட்டாப் போவுது."

"யாரு கழுவறது? நீங்களா?"

"சர்க்கார் வேலை புள்ள. அந்தம்மா ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே மூட்டையக் கட்டணும். தெரியுமில்ல?"

எனக்குத் தெரியும். ஆனால் அந்த அம்மி என் ஆத்தா வீட்டிலிருந்து மாட்டு வண்டியில் வந்தது. வெள்ளிக்கிழமை அதில் மஞ்சள் அரைத்துத்தான் சாமிக்குப் பூசுவேன். காட்டுப்பன்றி வேட்டையாடிக் கொண்டுவந்து கொடுத்தால் தின்கிறவர்கள் எங்கள் ஜனத்தில் உண்டு. அதைக்கூட வீட்டுக்குள் ஏற்றமாட்டோம், வெளியே அடுப்பு மூட்டித்தான் ஆக்குவார்கள். இது அதுவும் இல்லை, ஊர்ப்பன்றி. "அம்மியக் குடுக்க முடியாதுன்னு போய்ச் சொல்லுங்க" என்றேன். "நான் சொல்லமாட்டேன்" என்றார். "அப்ப நானே சொல்றேன்" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தேன். அவர் என் பின்னாலேயே வந்து, சமையல்கட்டு வாசலுக்கு வெளியே நின்றுவிட்டார்.

துரைசானி மேஜைமுன் நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும், ஒடிசலான உடம்பு. முழங்கை வரை சட்டையைச் சுருட்டிவிட்டிருந்தாள். அவள் பிறந்தது மைசூர்ச் சீமையில். அப்பாவுக்குக் காப்பித் தோட்டம் இருந்ததாம். அதனால் கன்னடம் நன்றாக வரும், தமிழ் வராது. என் பிறந்த ஊர் ஓசூர்ப் பக்கம். வீட்டுக்குள் தமிழ், தெருவில் கன்னடம். எங்கள் வீட்டுக்காரரோடு அரைகுறை இங்கிலீஷில் பேசியவள் என்னோடு பேசியதெல்லாம் கன்னடத்தில்தான்.

"ஆகல்லம்மா" என்றேன் எடுத்த எடுப்பில். "அந்தக் கல்லுல சாமிக்கு அரைக்கிறேன். அதுல இதை அரைக்க முடியாது. கோவிச்சுக்காதீங்க."

அவள் முதலில் என் கன்னடத்தைக் கேட்டுத்தான் திகைத்தாள். பிறகுதான் நான் சொன்னது விளங்கியது. கழுத்தெல்லாம் சிவந்தது. கோபமா வெட்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"எனக்குத் தெரியாது" என்றாள். "வெறும் கல் என்று நினைத்துக் கேட்டுவிட்டேன்." ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். பிறகு, "அப்படியானால் இதை என்ன செய்வது, சொல்லு" என்றாள்.

மேஜைமேல் இருந்ததைப் பார்த்தேன். எலும்பும், அதை ஒட்டி அங்கங்கே கறியும், காய்ந்து விறைத்த ஓரங்களும். வில்லையாக அறுக்க அதில் ஒன்றும் பாக்கியில்லை. ஆனால் சுரண்டி எடுத்தால் ஒரு பெரிய கிண்ணம் தேறும். பண்டிகைக்குத் தங்கிய பெங்களூர் வீட்டில் கறி அரைக்கிற மிஷின் இருக்கிறதாம், அதில் போட்டுச் சுற்றினால் மாவு மாதிரி வந்துவிடுமாம்.

"கொத்துக்கறி மாதிரி கொத்தலாம்" என்றேன். "புளியங்கட்டை இருக்குது, கத்தி இருக்குது."

விறகுக்கு அறுத்துப் போட்டிருந்த புளியமரத்தில் உருண்டையான கட்டை ஒன்றைப் பொறுக்கி, தேய்த்துக் கழுவி, வெந்நீர் ஊற்றிக் கொண்டுவந்தார் எங்கள் வீட்டுக்காரர். வேலை போகாது என்று தெரிந்ததும் அவருக்கு அப்படி ஒரு சுறுசுறுப்பு. கட்டையைத் தரையில் வைத்துவிட்டு, தன் வெட்டுக்கத்தியையும் தீட்டிக் கொடுத்துவிட்டு நழுவினார்.

துரைசானி தரையில் உட்கார்ந்தாள். உட்காரத் தெரியவில்லை. காலை எந்தப் பக்கம் மடிப்பது என்று இரண்டு மூன்று விதமாகப் பார்த்துவிட்டு ஒருக்களித்து உட்கார்ந்துகொண்டாள். எலும்பிலிருந்து கறியைச் சீவி எடுத்தாள், அந்த வேலை அவளுக்கு நன்றாக வந்தது. காய்ந்த தோலைத் தள்ளினாள், வெள்ளைக் கொழுப்பில் கொஞ்சம் வைத்துக்கொண்டாள். கொழுப்பில்லாவிட்டால் வாயில் மண்ணாகத் தெரியும் என்றாள். பிறகு கொத்த ஆரம்பித்தாள். கத்தி ஓங்கி விழுந்தது, கறி நாலு பக்கமும் தெறித்தது. ஒரு துண்டு என் காலடியில் வந்து விழுந்தது. நான் காலை இழுத்துக்கொண்டேன்.

வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போயிருக்கலாம், என் ராகி அப்படியே கிடந்தது. ஆனால் ஒரு வேலை கண்முன்னால் கெட்டுப்போகிறபோது கை சும்மா இருப்பதில்லை. அவள் உள்ளங்கையில் கொப்புளம் எழும்பியதைப் பார்த்ததும், "கத்தியக் கொடுங்க" என்றேன்.

"நீ தொடமாட்டாயே?"

"கத்திதானே தொடப்போவுது? அப்புறம் தலைக்கு ஊத்திக்கிறேன்."

அவள் ஒரு கரண்டியால் கறியைக் கட்டையின் நடுவுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தாள், நான் கொத்தினேன். கையை ஓங்காமல், மணிக்கட்டை மட்டும் ஆட்டி, குறுக்கும் நெடுக்குமாக. அவள் அப்பாவின் தோட்டத்தைப் பற்றிச் சொன்னாள். சின்ன வயதில் வீட்டில் சமைத்த அம்மாள் சமையல்கட்டுக்குள் இவளை விடமாட்டாளாம், ஜன்னல் வழியாகத்தான் கன்னடம் கற்றுக்கொண்டாளாம். பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டேன். இரண்டு பேர், சீமையில் படிக்கிறார்கள் என்றாள். சண்டை வந்துவிட்டதால் இந்த வருஷம் கப்பல் ஏறி வரமுடியவில்லை. தொடை பெரிதாக வாங்கியதும் அதனால்தான். அவர்களும் இருப்பார்கள் என்ற கணக்கில் முன்னாடியே சொல்லி வைத்தது. சொல்லிவிட்டுக் கரண்டியைத் தட்டினாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. எனக்கு அப்போது குழந்தை இல்லை, பார்க்கமுடியாமல் இருப்பது எப்படி என்று எனக்கு என்ன தெரியும்?

கறி பொடிப்பொடியானதும் அவள் சாமான் பெட்டியைத் திறந்தாள். கடுகுத்தூள் டப்பா காலி. வெண்ணெய் பெங்களூரிலிருந்து வருவதற்குள் உருகி வழிந்துபோயிருந்தது. அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"கடுகுதானே? என் அம்மியிலயே அரைச்சுத் தரேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

கடுகைக் கொஞ்சநேரம் ஊறவைத்து மிளகோடு அரைத்தேன். பால்காரம்மா வீட்டிலிருந்து எருமை வெண்ணெய் வாங்கி வந்தேன். வெள்ளைவெளேரென்று, லேசான புளிப்போடு இருந்தது. அவள் முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள், பிறகு வேறு வழியில்லை என்று ஒத்துக்கொண்டாள். இரண்டு முட்டை அவித்து மசித்தோம். எல்லாவற்றையும் ஒரு பீங்கான் கிண்ணத்தில் போட்டு, பாட்டிலில் இருந்த வினிகரில் சில சொட்டு விட்டு, மரக்கரண்டியால் அழுத்தி அழுத்திக் குழைத்தாள். கடுகின் காரம் மூக்கில் ஏறி அவளுக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது. கண்ணிலும் மூக்கிலும் நீர். ஒரு விரல் எடுத்து நாக்கில் வைத்தாள்.

"எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. உப்பு சரியா, பார்" என்று கரண்டியை என்னிடம் நீட்டினாள். நீட்டிய பிறகுதான் நினைவு வந்து கையைப் பின்னால் இழுத்தாள்.

"இருங்க" என்று குனிந்து மோந்து பார்த்தேன். சாமிக்குப் படைக்கிற பண்டத்தை நாங்கள் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை, வாசனையில்தான் உப்பு பார்ப்போம். அது பழகிய மூக்கு. புகை வாசனைக்கு அடியில் உப்பு தூக்கலாக நின்றது. "உப்பு கரிக்குது. இன்னும் வெண்ணெய் போடுங்க" என்றேன். போட்டாள். மறுபடி மோந்தேன். "இப்ப சரி."

பெங்களூர் ரொட்டி காய்ந்து கிடந்தது. காலையில் அதைத் தணலில் லேசாக வாட்டி, வில்லையாக அறுத்து, இந்த விழுதைத் தடவி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து ஈரத்துணியில் சுற்றினாள். துரை கிளம்பினார். சாமான் தூக்க எங்கள் வீட்டுக்காரரும் கூடப் போனார்.

அன்று முழுவதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் மறுத்ததைத் துரைசானி துரையிடம் சொல்லியிருப்பாளோ என்ற பயம் ஒரு பக்கம். மூக்கை நம்பிச் சொன்ன உப்பு தப்பாயிருந்தால் என்ன ஆவது என்ற கவலை இன்னொரு பக்கம். சாயங்காலம் கார் வந்தது. எங்கள் வீட்டுக்காரர் நேராகச் சார்ப்புக்கு வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு மாதிரியான இளிப்பு.

"என்ன ஆச்சு?"

"தொரை நல்லாத் தின்னாரு. கடுகு அரைச்சது ஒம் பொண்டாட்டிதானான்னு கேட்டாரு, அந்தம்மா காலையிலயே சொல்லியிருக்குது."

"அம்மி விஷயம்?"

"அத ஒருத்தரும் பேசல." துண்டை உதறித் தோளில் போட்டார். "எனக்கும் ஒண்ணு குடுத்தாரு. கரைமேல நின்னுக்கிட்டு, இந்தான்னு கையில வெச்சுட்டாரு. வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

"தின்னீங்களா?"

"தின்னேன்."

"எப்படி இருந்துச்சு?"

அவர் யோசித்தார். "கடுகு நல்லா இருந்துச்சு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குளித்துவிட்டு வீட்டுக்குள் வாருங்கள் என்று தண்ணீர் சேந்தி வைத்தேன். அவர் மறுக்காமல் குளித்தார்.

பட்லர் ஜுரம் தணிந்து வரும்வரை பங்களாச் சமையலுக்கு நான்தான் கூடமாட நின்றேன். பட்லர் வந்ததும் சமையல்கட்டில் புளியங்கட்டையைப் பார்த்து முணுமுணுத்தார். ஆனால் கொத்துவதை என்னிடமே விட்டுவிட்டார். கிளம்புகிற அன்று துரைசானி எங்கள் வீட்டுக்காரரிடம், அடுத்து வருகிற ஆட்களுக்குப் பட்லர் இல்லாவிட்டால் உன் மனைவியைச் சமைக்கச் சொல் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் அதை வருகிற அதிகாரிகளிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். அப்படித்தான் நான் பங்களாச் சமையல்காரம்மா ஆனேன்.

சண்டை முற்றியபோது சின்ன ரயிலின் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரிப்புகையில் ஓடின. பட்டாளத்து ஆட்கள் பங்களாவில் ஓரிரவு தங்கிப்போவார்கள், அவர்களிடம் தகரத்தில் அடைத்த பன்றிக்கறி இருக்கும். நான் அதைக் கொத்திக் கடுகும் வெண்ணெயும் சேர்த்துக் கொடுத்தால் கிண்ணத்தை வழித்துத் தின்பார்கள். அந்தச் சமையல்கட்டுக்கென்று பிறகு தனியாக ஓர் அம்மியே வாங்கிப் போட்டார்கள். எனக்குப் பிள்ளைகள் பிறந்தபின், மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் மிஞ்சிய ஆட்டுக்கறியை அதே மாதிரி கொத்தி, கடுகும் வெண்ணெயும் போட்டு ராகி ரொட்டிமேல் தடவிக் கொடுப்பேன். அதற்கு என் பிள்ளைகள் வைத்த பெயர் துரைக்கறி.

துரைசானி இன்னும் ஒரு தடவை வந்தாள், காரிலிருந்து இறங்காமலே என்னோடு கொஞ்சநேரம் பேசினாள். அவள் பிள்ளைகள் இன்னும் வந்து சேரவில்லை. பெரியவன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான் என்றாள். அதன்பின் துரைக்கு மாற்றலாகிவிட்டது. அவர்களைப் பற்றி ஒரு சேதியும் என் காதுக்கு வரவில்லை.